மேஜிக் லேண்டர்ன், சிஎச்டிகே ஓடும் செகண்ட் ஹேண்ட் கேனான்: டெல்டாவில் வாங்குவோருக்கு ஒரு கையேடு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் கல்யாண ஸ்டூடியோக்கள் உள்கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராக்களுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கழற்றிவிடும் 600டி, 60டி, 700டி, 6டி பாடிகள் புது விலையில் ஒரு பங்குக்குக் கைமாறுகின்றன. வீட்டு பீரோவில் கிடக்கும் பவர்ஷாட்டுகள் இன்னும் மலிவு. கேனான் தராத வசதிகளை, வெளி ஆட்கள் எழுதிய மேஜிக் லேண்டர்ன், சிஎச்டிகே என்ற ஃபர்ம்வேர்கள் (கேமராவை இயக்கும் உள்மென்பொருள்) இந்தக் கேமராக்களில் இலவசமாகத் தருகின்றன: தானாக இடைவெளிவிட்டுப் படமெடுப்பது, ரா வீடியோ (கேமரா சுருக்காமல் சென்சாரிலிருந்து அப்படியே எழுதும் வீடியோ), ஃபோகஸ் பீக்கிங் (ஃபோகஸான இடத்தைக் கோடிட்டுக் காட்டுவது), ஸீப்ரா (வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் வரி போட்டுக் காட்டுவது), அசைவைக் கண்டு தானே க்ளிக் செய்வது.

ஆனால் எல்லாக் கேனானிலும் இது ஓடாது. ஓடும் மாடலிலும் எல்லாப் பதிப்பிலும் ஓடாது. அதனால் விலை பேசும் முன் பார்க்க வேண்டியது கேமராவில் உள்ள கேனான் ஃபர்ம்வேரின் பதிப்பு எண். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் வாங்கிய பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

இரண்டு குடும்பங்கள்

சிஎச்டிகே என்பது பவர்ஷாட், ஐக்சஸ் போன்ற சின்னக் கேமராக்களுக்கானது. மேஜிக் லேண்டர்ன் என்பது லென்ஸ் கழற்றி மாட்டும் இஓஎஸ் கேமராக்களுக்கானது. 2009-இல் டிரம்மல் ஹட்சன் என்பவர் 5டி மார்க் 2-க்காகத் தொடங்கியது. ஒன்றுக்கான கோப்பு மற்றொன்றில் வேலை செய்யாது.

இரண்டுமே மெமரி கார்டிலிருந்துதான் ஓடுகின்றன. கேனானின் சொந்த ஃபர்ம்வேரை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காருவதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. சிஎச்டிகே கேமராவுக்குள் எதையும் எழுதாது, கார்டை எடுத்தால் கேமரா பழையபடி ஆகிவிடும். மேஜிக் லேண்டர்ன் முதல்முறை நிறுவும்போது 'பூட் ஃபிளாக்' என்ற சின்ன அடையாளம் ஒன்றைக் கேமராவுக்குள் போட்டுவிடும். கார்டில் துவக்கக் கோப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கேமரா பார்ப்பது அந்த அடையாளத்தால்தான். அதைப் பிறகு நீக்கவும் வழி உண்டு. விற்பவரின் கேமராவில் அவரைக் கேட்காமல் மேஜிக் லேண்டர்னைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

எதற்காக வாங்குகிறீர்கள்?

வயலின் வளர்ச்சியை நடவிலிருந்து அறுவடை வரை டைம்லேப்ஸாக (இடைவெளிவிட்டு எடுத்த படங்களைக் கோத்த வீடியோவாக) எடுக்க வேண்டும், வடுவூர் ஏரியிலோ கோடியக்கரையிலோ பறவை வரும்போது கேமரா தானே படமெடுக்க வேண்டும், பட்டத்தில் கட்டி மேலிருந்து எடுக்க வேண்டும் என்றால் பவர்ஷாட்டும் சிஎச்டிகேயும் போதும். கேமரா கெட்டாலும் வயிறு எரியாது. இடைவெளிப் படத்துக்கும் அசைவுக் கண்காணிப்புக்கும் லுவா, யூபேசிக் மொழிகளில் எழுதிய சின்ன நிரல்கள், அதாவது ஸ்கிரிப்டுகள், தயாராக இருக்கின்றன; கார்டில் போட்டு எண்களை மாற்றிக்கொண்டால் ஆயிற்று.

கல்யாண வீடியோ, குறும்படம், கோயில் ஆவணப் பதிவு என்றால் இஓஎஸ், மேஜிக் லேண்டர்ன். இங்கே பட்ஜெட்டைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: ரா வீடியோ வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் 600டி, 60டி ஏதாவது ஒன்று தாராளமாகப் போதும். வேண்டும் என்றால் கார்டுக்குள் எழுதும் வேகத்தைப் பார்த்துத்தான் மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இஓஎஸ் மாடல்களும் எண்களும்

மேஜிக் லேண்டர்ன் நன்றாக நிலைபெற்ற மாடல்களும் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய கேனான் ஃபர்ம்வேரும் இவை:

500டி – 1.1.1
550டி – 1.0.9
600டி – 1.0.2
650டி – 1.0.4
700டி – 1.1.5
1100டி – 1.0.5
50டி – 1.0.9
60டி – 1.1.1
7டி – 2.0.3
6டி – 1.1.6
5டி மார்க் 2 – 2.1.2
5டி மார்க் 3 – 1.1.3 அல்லது 1.2.3
இஓஎஸ் எம் – 2.0.2

கேமராவில் எண் இதைவிடக் குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் இறக்க வேண்டும். உதாரணமாக 600டி-க்குக் கேனான் பின்னாளில் 1.0.3 வெளியிட்டது; அதை ஏற்றிய கேமராவில் மேஜிக் லேண்டர்ன் நிறுவ மறுக்கும். பெரும்பாலான மாடல்களில் பழைய ஃபர்ம்வேர் கோப்பைக் கார்டில் போட்டு மெனு வழியாகவே இறக்கிவிடலாம். 5டி மார்க் 3 மட்டும் முரண்டு பிடிக்கும். 1.3.3-க்கும் அதற்கு மேலும் ஏறிவிட்டால் மெனு வழி அடைபட்டுவிடும். யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, கேனானின் இஓஎஸ் யுடிலிட்டி மென்பொருள் மூலம்தான் இறக்க வேண்டும். ஆகவே அந்த மாடலை வாங்குபவர் யூஎஸ்பி போர்ட்டையும் சோதித்துவிட்டு வாங்க வேண்டும்.

2025-இல் புதிய குழுவொன்று மேஜிக் லேண்டர்னைக் கையில் எடுத்து 200டி, 750டி, 6டி மார்க் 2, 7டி மார்க் 2 ஆகியவற்றையும் சேர்த்தது. பழைய மாடல்களில் உள்ள எல்லா வசதியும் இவற்றில் அப்படியே இருக்கும் என்று எண்ணிக் காசைக் கொட்ட வேண்டாம். உங்களுக்கு வேண்டிய வசதி அந்த மாடலின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 70டி, 100டி போன்றவற்றுக்குச் சோதனைப் பதிப்புகள் உண்டு. நோண்டிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

நம்மூர்ச் சந்தையில் அதிகம் வந்து விழுவது 1200டி, 1300டி, 1500டி, 3000டி. விலை கவர்ச்சியாக இருக்கும், பார்க்கவும் புதிதாக இருக்கும். மேஜிக் லேண்டர்னுக்காக இவற்றை வாங்காதீர்கள். இதே காசுக்கு ஒரு பழைய 600டி உங்கள் வேலைக்கு மேல்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேமராவில் 'ரெபெல்' என்றும், ஜப்பானிலிருந்து வந்ததில் 'கிஸ்' என்றும் எழுதியிருக்கும். 550டி அங்கே ரெபெல் டி2ஐ, 600டி டி3ஐ, 650டி டி4ஐ, 700டி டி5ஐ. கடைசி 'ஐ' எழுத்தைக் கவனியுங்கள். 'ஐ' இல்லாத டி3 என்பது 1100டி. 'ஐ' இல்லாத டி5 என்பது 1200டி. விற்பவர் ஃபோனில் "டி5 சார்" என்றால், எழுத்து தெரிகிற மாதிரி முகப்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ரா வீடியோ: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

முழு எச்டி அளவில், 14 பிட்டில், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 90 எம்பி எழுத வேண்டும். 32 ஜிபி கார்டு ஆறு நிமிடம்கூடத் தாங்காது. இந்த வேகம் 5டி மார்க் 3-இன் சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) கார்டு ஸ்லாட்டுக்குத்தான் கைவரும். அதே கேமராவின் எஸ்டி ஸ்லாட் நொடிக்கு 20 எம்பி அளவில் நின்றுவிடும். அங்கே எவ்வளவு விலையுயர்ந்த கார்டைப் போட்டாலும் பயனில்லை.

550டி, 600டி, 60டி ஆகியவற்றின் எஸ்டி வேகமும் கிட்டத்தட்ட 20 எம்பிதான். 650டி, 700டி, 6டி, இஓஎஸ் எம் ஆகியவை நொடிக்கு 40 எம்பியை எட்டும். சிஎஃப் கார்டு போடும் 50டி, 7டி, 5டி மார்க் 2 இதைவிட நன்றாகவே வேகம் பிடிக்கும். 600டி-யில் 10 பிட்டில் 960-க்கு 540 அளவு என்றால் நொடிக்கு 16 எம்பி. அது நிற்காமல் ஓடும். அதற்கு மேல் போனால் சில நொடிகளில் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிறைந்து பதிவு தானாக நின்றுவிடும். விற்பவர் "ரா வீடியோ ஓடும்" என்று சொல்வது பொய்யாக இருக்காது. எத்தனை நொடி ஓடும் என்பதை அவர் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

50டி-யைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கேனான் அதில் வீடியோவே தரவில்லை. மேஜிக் லேண்டர்ன் போட்டால் ரா வீடியோ வரும். ஆனால் மைக் கிடையாது, ஒலியும் பதிவாகாது. தனி ரெக்கார்டர் வைத்து எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவருக்கு, கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. கல்யாண வேலைக்கு ஆகாது.

650டி, 700டி, இஓஎஸ் எம், 100டி ஆகியவற்றின் சென்சாரில் ஃபோகஸுக்கென ஒதுக்கிய புள்ளிகள் உண்டு. ரா வீடியோவில் அவை இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். சென்சார் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எம்எல்வி ஆப் என்ற இலவச மென்பொருளில் அந்தப் புள்ளிகளை நீக்கும் வசதி இருக்கிறது.

இன்னொன்று மொய்ரே. திருபுவனம் பட்டின் நெருக்கமான இழையையும் கோபுரத்தின் நுண்ணிய சுதை வரிகளையும் வீடியோவில் எடுத்தால் வானவில் அலைகள் ஓடும். பழைய கேனான்கள் வீடியோவுக்காகச் சென்சாரின் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பதால் வரும் கோளாறு இது. 5டி மார்க் 3 இதில் தப்பிக்கும். 600டி-யில் கேனானே கொடுத்த 3 மடங்கு வீடியோ ஜூமைப் போட்டால் அலைகள் பெருமளவு மறைந்துவிடும். மணப்பெண்ணின் புடவையை நெருக்கத்தில் காட்ட வேண்டியவர்களுக்கு 600டி-யைத் தேர்ந்தெடுக்க இது ஒரு நல்ல காரணம்.

சாதாரண வீடியோவில் 550டி, 600டி, 60டி தலைமுறைக் கேமராக்கள் 4 ஜிபி, அதாவது ஏறத்தாழ 12 நிமிடம் ஆனதும் நின்றுவிடும். மேஜிக் லேண்டர்னில் 'மூவி ரீஸ்டார்ட்' போட்டால் தானே மறுபடி தொடங்கும், நடுவில் சில நொடி விட்டுப்போகும். அந்தச் சில நொடியில் தாலி கட்டிவிட்டால் யார் பொறுப்பு? முகூர்த்த நேரம் நெருங்குவதற்கு முன் நீங்களே நிறுத்தித் தொடங்கிக்கொள்வது உத்தமம்.

பவர்ஷாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது

இங்கே எண் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். இஓஎஸ்ஸில் ஃபர்ம்வேரை ஏற்றி இறக்கலாம். பெரும்பாலான பவர்ஷாட்டுகளுக்குக் கேனான் ஃபர்ம்வேர் கோப்பே வெளியிடவில்லை. தொழிற்சாலையில் போட்டதுதான் கடைசி வரை. ஒரே மாடலுக்குள் பல உள்பதிப்புகள் இருக்கும். ஏ 590 ஐஎஸ்ஸில் 1.00இ, 1.01பி என்று இரண்டு இருப்பதுபோல. சிஎச்டிகேயில் உங்கள் உள்பதிப்புக்கான கோப்பு இல்லையென்றால் அந்தக் கேமராவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வயல், ஏரி வேலைக்கு டபிள் ஏ பேட்டரி போடும் மாடல்களைத் தேடுங்கள்: ஏ 590 ஐஎஸ், ஏ 720 ஐஎஸ், ஏ 1200, எஸ்எக்ஸ் 130 ஐஎஸ், எஸ்எக்ஸ் 150 ஐஎஸ், எஸ்எக்ஸ் 160 ஐஎஸ். எல்லாம் இரண்டு பேட்டரி. எஸ்எக்ஸ் 10, எஸ்எக்ஸ் 20, எஸ் 5 ஐஎஸ் ஆகியவற்றுக்கு நான்கு. முத்துப்பேட்டையிலோ வேதாரண்யத்திலோ நின்றுகொண்டு என்பி-6எல் பேட்டரிக்கு எங்கே போவது? டபிள் ஏ எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரி கேமராவுக்கு ஆகாது. லென்ஸ் வெளியே வரும்போதே செத்துவிடும். 2000 எம்ஏஎச் அளவுள்ள, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லாக வாங்குங்கள்.

நல்ல நடுத்தரத் தேர்வு எஸ்எக்ஸ் 160 ஐஎஸ். 2012-இல் வந்தது, 16 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம், கையால் மாற்றும் எல்லா மோடும் உண்டு. தூரத்துப் பறவைக்கும் எட்டும் கை வேண்டுமென்றால் அதே ஆண்டு வந்த எஸ்எக்ஸ் 50 எச்எஸ், 50 மடங்கு ஜூம். அதற்கு என்பி-10எல் பேட்டரி. சட்டைப் பையில் போகும் எஸ் 95 அருமையான கேமரா. எஸ் 100-இல் லென்ஸ் எரர் (லென்ஸ் நகராமல் நின்றுவிடும் பிழை) அடிக்கடி வந்து கேனானே அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. மிக மலிவாக வந்தால் தவிர அதை விட்டுவிடுங்கள். கேனானின் டிஜிக் 2 சிப் காலத்துப் பழைய மாடல்கள், ஏ 610, ஏ 620 போன்றவை, எஸ்டிஎச்சி கார்டை (2 ஜிபி-க்கு மேல் கொள்ளும் எஸ்டி கார்டை) படிக்காது. இன்றைக்கு 2 ஜிபி சாதா எஸ்டி கார்டைத் தேடி அலைவது தேவையா?

இன்ஸ்டாகிராமில் பழைய 'டிஜிகேம்' படம் ஃபேஷன் ஆனதிலிருந்து ஒல்லியான ஐக்சஸ், எஸ் வரிசைகளுக்கு விலை ஏறிவிட்டது. தடிமனான எஸ்எக்ஸ், ஏ வரிசைகளுக்கு அந்த மவுசு இல்லை. நமக்கு வேண்டியது தடிமன்தான்.

வீட்டிலிருந்தே எண்ணைத் தெரிந்துகொள்வது

கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை பஸ் ஏறிப் போய் எண் பொருந்தவில்லை என்று திரும்புவானேன்? அந்தக் கேமராவில் எடுத்த ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படமாக அல்ல, டாக்குமென்ட்டாக. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி உள்ளே கேமரா எழுதிவைத்த எக்ஸிஃப் என்ற குறிப்புகளையெல்லாம் உதிர்த்துவிடும். டாக்குமென்ட்டாக வந்த கோப்பை எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தால் மாடல் பெயர், ஃபர்ம்வேர் எண், பல மாடல்களில் சீரியல் எண்ணும் தெரியும். பவர்ஷாட் என்றால் அதே கோப்பை ஸ்டிக் என்ற சிஎச்டிகே நிறுவி மென்பொருளில் போடுங்கள். அதற்குக் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். மாடலையும் உள்பதிப்பையும் அதுவே கண்டுபிடித்து, கோப்பு இருக்கிறதா இல்லையா என்றும் சொல்லிவிடும்.

நேரில் பார்க்கும்போது: இஓஎஸ்ஸில் டயலைப் 'பி' அல்லது 'எம்'மில் வைத்து மெனுவுக்குள் மஞ்சள் ரெஞ்ச் படம் போட்ட கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பச்சைக் கட்டம் போட்ட ஆட்டோ மோடில் ஃபர்ம்வேர் வரியே தெரியாது; "இதில் காட்டாது" என்று விற்பவர் சொன்னால் டயலைத் திருப்பச் சொல்லுங்கள்.

பவர்ஷாட்டில் வேறு வழி. கார்டில் ஒன்றுமில்லாத ஒரு கோப்பை உருவாக்கி அதற்கு வி, இ, ஆர், புள்ளி, ஆர், இ, க்யூ என்று ஆங்கிலத்தில் பெயரிடுங்கள். புள்ளிக்கு முன் ஓர் 'எஸ்' சேர்த்து இன்னொரு கோப்பும் போட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்கள் அதைத்தான் கேட்கும். கார்டைப் போட்டு, பிளே பொத்தானால் ஆன் செய்து, செட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி டிஸ்ப் பொத்தானை அழுத்தினால் திரையில் எண் வரும். வராவிட்டால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் கோப்புப் பெயரைச் சந்தேகியுங்கள்: விண்டோஸ் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவைத்து அதை மறைத்திருக்கும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கூட ஒரு டார்ச், சொந்தக் கார்டு, முடிந்தால் அந்த மாடலுக்குரிய சார்ஜ் ஏறிய பேட்டரி.

டெல்டாவில் கேமராவின் முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவில் பூட்டிக் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாக வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. தனித்தனிப் புள்ளியாக இருந்தால் தூசி, அது பரவாயில்லை. கிட் லென்ஸில் (கேமராவோடு வரும் சாதா லென்ஸில்) பூஞ்சை என்றால் லென்ஸுக்கு விலையே போடாமல் பாடிக்கு மட்டும் பேசுங்கள். லென்ஸ் கழற்ற முடியாத பவர்ஷாட்டில் பூஞ்சை என்றால் அடுத்த கேமராவைப் பார்க்கலாம். எஸ்எக்ஸ் வரிசையை முழு ஜூமில் வைத்து முன்பக்கமிருந்து டார்ச் அடித்தால் உள் கண்ணாடிகள் ஓரளவு தெரியும்.

இரண்டாவது உப்பு. நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்துக் கேமராவில் டிரைபாட் திருகு ஓட்டை, ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ, அடித்தட்டுத் திருகுகள் ஆகியவற்றைக் கவனியுங்கள். துருவோ பச்சைக் களிம்போ இருந்தால் உள்ளே சர்க்யூட்டிலும் அதுவேதான். பேட்டரி அறையின் முனைகள் பச்சையாக இருந்தால் தண்ணீர் குடித்த கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 கஜா புயலில் நனைந்து, காய்ந்து, இன்றும் ஓடுகிறது என்று ஒருவர் விற்றால் அவர் பொய் சொல்லவில்லை. அது இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதுதான் பிரச்சினை. பவர்ஷாட்டின் ஜூம் குழலை மெதுவாக நீட்டிச் சுருக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். கரகர என்றால் கடற்கரை மணல். அதுதான் நாளைய லென்ஸ் எரர்.

பிறகு படச் சோதனை. எஃப் 22-இல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் தூசி தெரியும். ஊதியோ துடைத்தோ எடுத்துவிடலாம். லென்ஸ் மூடியைப் போட்டு 30 நொடி எடுத்தால் ஹாட் பிக்சல் எனப்படும் கெட்ட பிக்சல்கள் வண்ணப் புள்ளிகளாக மின்னும். நாலைந்து இருந்தால் கவலையில்லை. ஷட்டரை 1/4000-இல் வைத்து வானத்தைப் பத்துத் தடவை எடுங்கள். ஏதாவது ஒன்றில் ஓரம் கறுத்திருந்தால் ஷட்டர் சாகப்போகிறது. எரர் 30 வந்தாலும் அதே நோய். எரர் 01 வந்தால் பதற வேண்டாம். லென்ஸின் உலோகக் காண்டாக்டைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு வேறு லென்ஸில் பாருங்கள். பெரும்பாலும் லென்ஸின் உள் கேபிள்தான் குற்றவாளி.

ஷட்டர் கணக்கு: 5டி மார்க் 2, 7டி, 5டி மார்க் 3 ஆகியவற்றுக்குக் கேனான் சொன்ன ஆயுள் 1,50,000 படம், 50டி, 60டி, 6டி ஆகியவற்றுக்கு 1,00,000. கேனான் இந்தக் கணக்கை எக்ஸிஃப்பில் எழுதுவதில்லை. யூஎஸ்பியில் கணினியோடு இணைத்து ஜீபோட்டோ2 போன்ற கருவியால் பல மாடல்களில் படிக்கலாம். மேஜிக் லேண்டர்ன் ஏற்கெனவே இருக்கும் கேமரா என்றால் அதன் டீபக் பக்கத்திலேயே இருக்கும். எண் பெரிதாக இருப்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்டூடியோ கேமரா லட்சம் படம் எடுத்திருக்கும், ஆனால் தினமும் காற்று வாங்கியிருக்கும். வீட்டுக் கேமரா மூவாயிரம் எடுத்துவிட்டுப் பத்து வருடம் இருட்டில் தூங்கியிருக்கும். டெல்டாவில் நான் முதல் வகைக்குத்தான் கை நீட்டுவேன்.

ஸ்டூடியோ கேமராவில் மட்டும் பார்க்க வேண்டியவை சில. மைக் ஜாக்கில் மைக்கைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். கரகரத்தால் ஜாக் தளர்ந்துவிட்டது. 600டி, 60டி போன்ற திருப்பும் திரைகளை எல்லாக் கோணத்திலும் மடக்குங்கள். ஒரு கோணத்தில் அணைந்தால் உள் கேபிள் தேய்ந்துவிட்டது. 50டி, 7டி, 5டி வரிசையில் சிஎஃப் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்து ஊசிகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று வளைந்தாலும் கார்டு ஏறாது. மேஜிக் லேண்டர்ன் மெனுவைத் திறப்பது குப்பைத்தொட்டி பொத்தான். அது அமுங்காத கேமராவை வாங்கி என்ன செய்வது? அந்தப் பொத்தானை இருபது தடவையாவது அமுக்கிவிடுங்கள். இடுக்கில் விபூதியும் சந்தனமும் இறுகிக் கிடப்பது சகஜம்.

பணம் தருவதற்கு முன் பாடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் சீரியல் எண் குறிப்பிட்டு ஒரு கைச்சீட்டாவது வாங்குங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஸ்டூடியோக்காரரிடம் பேரத்துக்கு இடமிருக்கும். தையில் போய்க் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை

பழைய பேட்டரி அநேகமாக உப்பியிருக்கும். 550டி முதல் 700டி வரை எல்பி-இ8, 60டி, 6டி, 7டி, 5டி மார்க் 2, மார்க் 3 ஆகியவற்றுக்கு எல்பி-இ6, 1100டி-க்கு எல்பி-இ10, இஓஎஸ் எம்முக்கு எல்பி-இ12, 50டி-க்கு பிபி-511ஏ, 500டி-க்கு எல்பி-இ5. இவற்றில் எல்பி-இ6 மட்டும் எங்கும் புழக்கத்தில் உள்ளது; ஸ்டூடியோ நண்பரிடம் அவசரத்துக்குக் கடன்கூட வாங்கலாம். 600டி-யும் 60டி-யும் ஒரே விலையில் வந்தால் 60டி பக்கம் சாய இதுவே போதும். சிஎஃப் மாடல் என்றால் கார்டுக்கும் தனி ரீடருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். புது மெமரி கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துவிடுங்கள். 64 என்று அச்சடித்த 8 ஜிபி கார்டுகள் தாராளமாகப் புழங்குகின்றன.

நிறுவுவதும் எங்கே சறுக்கும் என்பதும்

மேஜிக் லேண்டர்ன்: 32 ஜிபி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். உங்கள் மாடலுக்கும் எண்ணுக்கும் உரிய ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கார்டின் முதல் நிலையில் போடுங்கள், ஒரு ஃபோல்டருக்குள் அல்ல. பேட்டரி முழு சார்ஜ். டயல் 'எம்'மில். மெனுவில் ஃபர்ம்வேர் வரியை அழுத்தி அப்டேட் கொடுத்தால் சில நொடியில் பச்சை எழுத்து வரும். அது சொல்கிறபடி ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். இறக்கும் வேலைக்குப் பயன்படுத்திய கேனான் ஃபர்ம்வேர் கோப்பு அதே கார்டில் இருந்தால் கேமரா குழம்பும், முன்பே அழித்துவிடுங்கள்.

கேமரா ஆன் ஆகாமல் உறைந்து நின்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மேஜிக் லேண்டர்ன் கார்டிலும் போட்ட துவக்க அடையாளம் இருக்கிறது, ஆட்டோஎக்ஸெக் என்ற துவக்கக் கோப்பு இல்லை. கணினியில் கோப்புகளைக் கையால் அழித்த கார்டுகள் இப்படித்தான் பழிவாங்கும். ஆகவே கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மேஜிக் லேண்டர்னை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அழிக்கவா என்று அப்போது அது கேட்கும். கார்டு மூடியைத் திறந்தால் சிவப்பு விளக்கு அணையும் வரை காத்திருந்து எடுங்கள். ஒருநாள் மேஜிக் லேண்டர்ன் இல்லாமல் வேலை பார்க்க வேண்டுமென்றால் செட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஆன் செய்யுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஃபர்ம்வேர் அப்டேட்டை மறுபடி ஓட்டித் திரையில் சொல்கிறபடி நீக்கிவிடுங்கள்.

சிஎச்டிகே: ஸ்டிக் மென்பொருள் கார்டைத் தயார் செய்து கொடுத்துவிடும். பிறகு கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிக் கேமராவில் போடுங்கள். பூட்டியிருந்தால்தான் அது தானே துவங்கும். சிஎச்டிகே ஏறிய பிறகு பூட்டைப் பொருட்படுத்தாமல் படம் பதிவாகும். கார்டு பூட்டியிருக்கிறது என்று கேமரா முறையிட்டால் சிஎச்டிகே ஏறவில்லை என்று அர்த்தம். மைக்ரோ எஸ்டி அடாப்டரில் பூட்டு தொளதொளத்து நழுவுவதுதான் இங்கே வழக்கமான தலைவலி; ஒரு துண்டு டேப் ஒட்டினால் தீரும்.

வயலில் வைப்பதாக இருந்தால் கணக்கு இது: காலை 6 முதல் மாலை 6 வரை 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 72 படம். 110 நாள் குறுவைக்கு 7,920. ஒரு படம் 3 எம்பி என்றால் 24 ஜிபி. 32 ஜிபி கார்டு போதும். முடிவில் கிடைப்பது ஐந்தேகால் நிமிட வீடியோ. பேட்டரி இத்தனை நாள் ஓடாது. ஸ்கிரிப்டில் திரையை அணைத்து வைத்தாலும் தினமும் செல் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது கேமரா அரை அங்குலம் நகர்ந்தாலும் வீடியோ குதிக்கும். டிசி ஜாக் உள்ள மாடலாக எடுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து அடாப்டர் வழியாக மின்சாரம் கொடுப்பது நல்லது. மின்சாரம் போகும் நேரத்துக்கு நடுவில் ஒரு பேட்டரியும் வேண்டும்.

கேனானைத் தாண்டி

சோனியில் ஆப் போடும் வசதி இருந்த காலத்து மாடல்களில், நெக்ஸ் 6, ஏ6000 போன்றவற்றில், ஓப்பன்மெமரீஸ் ட்வீக் என்ற வெளி ஆட்கள் எழுதிய ஆப் ஓடும். புது வசதிகள் அதிகம் வராது; 30 நிமிட வீடியோ எல்லையையும் மொழிப் பூட்டையும் எடுத்துவிடலாம். ஜப்பானில் வாங்கி வந்த சோனியில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்தால் இதுதான் மருந்து. ஏ6400, ஏ7 மூன்றாம் பதிப்பு போன்றவற்றில் ஆப் வசதியே இல்லாததால் இது ஓடாது. பானசோனிக் ஜிஎச்1, ஜிஎச்2-க்கு பிடூல் என்ற கணினி மென்பொருள் உண்டு. அது கேமராவின் ஃபர்ம்வேரையே மாற்றி எழுதும். நடுவில் மின்சாரம் போனால் கேமரா போச்சு.

வாங்கி வந்ததும்

காற்றுப் புகாத டப்பா, அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள். ஈரத்தைவிட அதன் தவிடுதான் லென்ஸ் குழலுக்குள் அதிகம் போகும். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கோ, ஆரஞ்சிலிருந்து பச்சைக்கோ மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, நன்றாக ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள்.